டவுன் பஸ்ஸில் அணி இலக்கணம்

"டிக்கெட்டு ஃப்ரீதான்க்கா. அதுக்காக டயரும் ஃப்ரீயா?"

கண்டக்டர் தம்பி இப்படிக் கேட்டபோது பஸ் அரிமளத்தில் நின்றிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். நானும் வளர்மதியும் மட்டும் முன்பக்கப் பெண்கள் சீட்டில், மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, இறங்குகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். வளர்மதி முந்தானையைத் தலையில் போட்டு ஜன்னலுக்குக் கீழே குனிந்திருந்தாள். அது அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். யாராவது பார்த்துவிட்டால் தொலைந்தது.

"புதுக்கோட்டைக்கு ரெண்டு குடுங்க தம்பி" என்றேன்.

"இப்பத்தானக்கா அங்கேருந்து வந்தீங்க?"

"வந்தோம். திரும்பப் போறோம்."

"எறங்கவே இல்லையேக்கா?"

"எறங்கித்தான் ஏறணும்னு சட்டம் இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அப்படி ஒரு சட்டம் அவருக்கு நினைவு வரவில்லை போலிருக்கிறது. இரண்டு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு, "என்ன பரீட்சைக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. அன்றிலிருந்து அவர் எங்கள் கட்சி.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, ஆளாளுக்கு ஒரு பலன் சொன்னார்கள். வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மாதச் செலவில் மிச்சம் பிடிக்கலாம் என்றார்கள். உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். இன்றுவரை எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

நூலகம் எங்களை ஏற்கவில்லை

நானும் வளர்மதியும் புதுக்கோட்டையில் ஒரே தனியார் பள்ளியில் தமிழாசிரியைகள். தனியார் பள்ளியில் தமிழாசிரியை என்றால் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கணக்கு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கும் நாங்கள்தான் போவோம், ஆண்டு விழாவுக்குக் கோலம் போடுவதும் நாங்கள்தான். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு ஒன்றுதான் எங்களுக்கு இருந்த கதவு.

அந்தத் தேர்வுக்கு அறிவிப்பு வருவதே அபூர்வம். எனக்காவது இன்னும் ஒன்றிரண்டு முறை எழுத வயது இருந்தது. பள்ளியில் முதலில் சேர்ந்தவள் என்று என்னை அக்கா என்பாளே தவிர, வயதில் வளர்மதிதான் மூத்தவள், அவளுக்கு இல்லை. எம்.ஏ. முடித்த கையோடு கல்யாணம், பிறகு குழந்தை, பிறகு மாமனாருக்கு நீண்ட நோய், அவர் மறைவு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இந்தத் தடவை விட்டால், அடுத்த அறிவிப்பு வரும்போது அவள் வயது வரம்பைத் தாண்டியிருப்பாள். ஆக, அவளுக்கு இதுதான் கடைசி.

வீட்டில் படிக்கலாமே என்று கேட்பவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் டி.வி. ஓடாத நேரம் என்றால் அது கரண்ட் இல்லாத நேரம்தான். வளர்மதி வீட்டில் டி.வி. தொந்தரவு கிடையாது. அங்கே அவள் மாமியார் அழகம்மாள் இருந்தார். வளர்மதியின் கணவர் சிங்கப்பூரில். வீட்டில் மாமியார், மருமகள், சின்னப் பெண் யாழினி, ஒரு வெள்ளாடு. வளர்மதி புத்தகத்தைத் திறந்தால் போதும், அழகம்மாளுக்கு வாய் திறந்துவிடும். முன்பு ஒரு தேர்வில் அவள் தவறியிருந்தாள் வேறு. அதனால் இந்த முறை படிப்பதை வீட்டில் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாள்.

நூலகத்துக்குப் போனோம். எங்களுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். நான் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும், தப்பென்றால் சண்டை போட வேண்டும். இரண்டாவது நாளே நூலகர் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பூங்காவில் இரண்டு பெண்கள் பொழுதுக்கும் உட்கார்ந்தால் நாலு பேர் விசாரிப்பார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கேயோ போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள்.

அரிமளம் பஸ்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஞாயிறு நடுப்பகலில் அதில் கூட்டம் இருக்காது. தைல மரக் காட்டுக்குள் போகும்போது காற்று குளிர்ச்சியாக வரும், அந்த வாசனையில் தூக்கம் கலையும். அவள் ஊருக்கே போகிற பஸ்ஸில் ஒளிந்து படிப்பது ஆபத்துதானே என்று நான் கேட்டேன். "எங்க ஊரு ஆளுக ஞாயித்துக்கெழமை மத்தியானம் எங்கிட்டும் போக மாட்டாகக்கா. கறி எடுத்துத் தின்னுட்டுத் தூங்குவாக" என்றாள்.

எல்லாம் மனப்பாடம், எதுவும் தெரியாது

வளர்மதிக்கு விளக்கங்கள் அத்தனையும் தலைகீழாகத் தெரியும். தற்குறிப்பேற்ற அணி என்றால் என்ன என்று கேட்டால், "இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின் மீது கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் இதுவரை பார்க்காத ஒரு வரியைக் கொடுத்து, இதில் என்ன அணி என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். இப்போதெல்லாம் வினாத்தாள் இப்படித்தான் கேட்கிறது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதம் அப்படி. நான் படித்த பள்ளியில் ஓர் அணிக்கு ஓர் எடுத்துக்காட்டுதான். அந்த எடுத்துக்காட்டு மாறவே மாறாது. ஒன்பதாம் வகுப்பில் நான் ஒருநாள் எழுந்து, "சொந்தமா ஒரு எடுத்துக்காட்டு சொல்லலாமா ஐயா?" என்று கேட்டேன். "நீ என்ன புலவரா?" என்றார் தமிழையா. வகுப்பே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன், ஆனால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. உருவகமும் உவமையும் புலவர்கள் மட்டும் கட்டிக் காக்கிற சொத்தா? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிற ஃப்ளெக்ஸ் பேனர்களைப் படித்தாலே உயர்வு நவிற்சி அணியை ஓர் ஆண்டுக்கு நடத்தலாம். காதுகுத்துக்குக் கட்டிய பேனரில், மொட்டை போட்ட ஒரு கைக்குழந்தையின் கீழே "எங்கள் குலத்தின் சரித்திரமே" என்று எழுதியிருக்கிறது. அந்தச் சரித்திரத்துக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

நாடகச் சொற்களும் இப்படித்தான். தனிமொழி என்றால் மேடையில் ஒரு பாத்திரம் தன் மனத்தில் உள்ளதைத் தனக்குத்தானே பேசுவது. எனக்கு இது புரிந்தது கல்லூரி நாடகத்தில். ராணி வேஷம் கட்டிய என் தோழி மைக் முன்னால் வந்து நின்றாள். வசனம் அத்தனையும் மறந்துவிட்டது. "ஐயோ, ஒண்ணுமே வரலையே, எங்கம்மா வேற முன்னாடி ஒக்காந்திருக்கே" என்று அவள் முணுமுணுத்தது மைக்கில் அப்படியே கேட்டது. அன்றைக்கு அந்த நாடகத்தில் கைத்தட்டு வாங்கிய ஒரே வசனம் அதுதான்.

அழகம்மாள் வழங்கிய எடுத்துக்காட்டுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளர்மதி பஸ்ஸில் ஏறியதுமே மூக்கை உறிஞ்சினாள். என்ன என்று கேட்டேன்.

"நேத்து ஸ்கூல்ல மீட்டிங்கு. நான் வர லேட்டாயிருச்சு. வாசல்ல காலு வைக்கிறேன், அத்தை ஆட்டுக்கிட்டப் பேசுது. 'ஏ வெள்ளாடே, மேயப் போனா வீட்டு நெனப்பு வராதா ஒனக்கு? நாலு எலையக் கண்டா அங்கனயே நின்னுருவியா?'ங்குது. ஆடு அதுபாட்டுக்குக் கட்டித்தான்க்கா கெடக்கு. அது எங்கிட்டும் மேயப் போகலை."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் முறைத்தாள்.

"வளரு, ஒங்க அத்தை பேசுனதுல மருமகள்னு ஒரு வார்த்தை வந்துச்சா?"

"இல்லை."

"ஆட்டை மட்டும் சொன்னாங்க. ஆனா சொல்ல வந்தது ஒன்னைய. உவமையை மட்டும் சொல்லிட்டு, சொல்ல வந்த பொருளை நம்மளையே புரிஞ்சுக்க விடுறது. அதுக்குப் பேரு என்ன?"

அவள் முகம் மாறியதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிறிது மொழிதல் அணி" என்றாள். பிறகு, "அட கடவுளே" என்றாள்.

அதற்குப் பிறகு புத்தகம் மடியில் சும்மா கிடந்தது. வாரம் முழுக்க அழகம்மாள் பேசுவதை வளர்மதி கேட்டுக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நாங்கள் அதைப் பிரித்து மேய்வோம்.

ஒருநாள் அவள் வகுப்புக்குப் பாடம் பார்க்கப் புத்தகத்தை எடுத்த நேரத்தில் கரண்ட் போயிற்று. "நீ புக்கத் தொறந்தது கரண்டுக்கே பொறுக்கலை பாரு" என்றார் அழகம்மாள். கரண்ட் தானாகத்தான் போனது. அதன்மேல் இவர் தன் குறிப்பை ஏற்றினார். தற்குறிப்பேற்ற அணி வளர்மதிக்கு ஒரே நாளில் வசமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "என் மருமக ரொம்பப் படிச்சவ ஆத்தா. வெந்நி வைக்கிறதுக்குக்கூடப் புக்கப் பாத்துத்தான் வைப்பா" என்றார். புகழ்வது போலப் பழிப்பது, வஞ்சப்புகழ்ச்சி. மூத்த மருமகள் திருச்சியிலிருந்து வந்த அன்று, "ரெண்டு மருமகளும் எனக்கு ரெண்டு கண்ணுதான். என்ன, ஒரு கண்ணுல பார்வை கொஞ்சம் மங்கல்" என்றார். முதலில் ஒற்றுமையைச் சொல்லிப் பிறகு வேறுபடுத்தினால் வேற்றுமை அணி. மங்கல் கண் எது என்று வளர்மதிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இலக்கணப் பகுதிக்கும் அவர்தான் கைகொடுத்தார். "சாப்புட்டீங்களா அத்தை?" என்று கேட்டால், "சாப்புடாம செத்தா போயிட்டேன்?" என்று பதில் வரும். கேள்விக்குக் கேள்வியையே விடையாகச் சொல்வது வினா எதிர் வினாதல். பேத்தி யாழினியை மட்டும், "வாடா என் ராசா" என்று மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். பெண்ணை ஆணாகச் சொல்வது பிழை, பாசத்தால் சொன்னால் பிழையில்லை. அதற்குப் பால் வழுவமைதி என்று பெயர். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் வளர்மதியின் குரல் தணியும். "அது புள்ளை மேல உசுரா இருக்கும்க்கா. அதைச் சொல்லாம இருக்க முடியாது" என்பாள்.

கண்டக்டர் தம்பியும் சேர்ந்துகொண்டார். எங்களைப் பார்த்ததும், "அணி இலக்கணம் ஏறியாச்சு, ரைட்டு!" என்று விசில் கொடுப்பார். வழக்கமாக வருகிற பெண்கள் சிலர் எங்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காரத் தொடங்கினார்கள். தங்கள் மாமியார் சொன்னது என்ன அணி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் அது ஒரு ஆறுதலாக இருந்தது.

பின்னால் கேட்ட சிரிப்பு

தேர்வு நெருங்கிய சமயம். அந்த ஞாயிற்றுக்கிழமை வளர்மதி உற்சாகமாக வந்தாள். அத்தை உறவினர்களோடு வேன் பிடித்து ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்கிறார், பொழுது சாயத்தான் வருவார் என்றாள். அதனால் அன்று முந்தானையைத் தலையில் போடவில்லை, குரலையும் அடக்கவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்டுப் பாதி தூரம் வந்திருப்போம். வழியில் ஒரு நிறுத்தத்தில் பின்வாசல் வழியாகச் சிலர் ஏறினார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்மதி அப்போது கரண்ட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், மாமியார் மாதிரியே இடுப்பில் கை வைத்து, அதே இழுப்போடு. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிரிப்பு கேட்டால் யாரால்தான் சும்மா இருக்க முடியும்? அவள் வெள்ளாட்டுக் கதைக்குப் போனாள். பிறகு இரண்டு கண் கதை. பஸ்ஸில் சிரிப்பு வளர்ந்தது. கீரமங்கலத்துப் பூவைக் கூடையில் வைத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் விடாமல் இருமினாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பாவம், சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்து என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்காமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். "சரி, நாடகச் சொல். நாடக முரண் என்றால் என்ன?"

"பாக்குறவுகளுக்கு விசயம் தெரியும். மேடையில நிக்கிற ஆளுக்குத் தெரியாது. தெரியாமப் பேசிக்கிட்டே இருக்கும். நமக்குப் பதறும்."

"எடுத்துக்காட்டு?"

"இதுக்கு மட்டும் நம்ம வீட்டுல ஒண்ணும் கெடைக்கலைக்கா."

பஸ் நின்றது. அரிமளம். எங்களுக்கு நேர் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

"ஊரு வந்துருச்சு. எறங்குவமா, இல்ல இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கா?"

நான் அதுவரை அழகம்மாளை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வளர்மதி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். துக்க வீட்டில் வேன்காரர்கள் தாமதிக்கிறார்கள் என்று அந்த அம்மாள் தனியாகப் பஸ் ஏறிவிட்டார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

கண்டக்டர் தம்பி விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.

நிழற்குடை

மூவரும் இறங்கினோம். பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடலாம் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. வளர்மதி என் கையை விடவில்லை.

நிழற்குடையின் சிமெண்டுப் பெஞ்சில் அழகம்மாள் உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. நான் மனத்தில் வைத்திருந்த மாமியார் இவரைவிடப் பெரியவர். வளர்மதி நின்றுகொண்டே அழுதாள். இனிப் படிப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டது எனக்குத் தெரிந்தது. அவள் சார்பில் நான் பேச வாயெடுத்தேன். அழகம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ஆட்டத் திட்டுனதுக்கு என்னமோ பேரு சொன்னியே. என்னது அது?"

"பிறிது மொழிதல் அத்தை."

"கரண்டு போனதுக்கு?"

"தற்குறிப்பேற்றம்."

அவர் மஞ்சள் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார். "அப்ப, அம்புட்டும் ஒனக்கு வெளங்கியிருக்கு. வெளங்கிக்கிட்டேவா ஒரு வார்த்தை பேசாம இருந்தே?"

வளர்மதி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பேசுனது ஒனக்குக் காதுலயே விழுகலைன்னுல்ல நெனச்சேன். ஆட்டுக்கிட்டச் சொல்ற மாதிரி சொன்னா, ஆடு மாதிரியே நீயும் பேசாமப் போவே. சரி, கல்லு மனசுக்காரின்னு நெனச்சேன்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜாடை பேசுகிறவர்களுக்கும் வலிக்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"நான் படிக்கிறது ஒங்களுக்குப் புடிக்கலையா அத்தை?" என்றாள் வளர்மதி.

"நீ ஒளிச்சு வச்சாலும், பரீட்சைக்குப் படிக்கிறது எனக்கு எப்பவோ தெரியும். கவர்மெண்டு வேலை கெடைச்சவளையெல்லாம் எங்கிட்டுப் போடுறாகன்னு எனக்குத் தெரியாதா? கெழக்குத் தெரு செல்வி வேலைக்குப் போனா. தூரா தொலைவுல போட்டாக. போனவ போனவதான். அவுக வீடு பூட்டிக் கெடக்கு. எம்மகன் சிங்கப்பூருல கெடக்கான். நீயும் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா, நான் யாருகிட்டப் பேசுவேன்? மூத்தவன் வீட்டுல என்னைய விருந்தாளியா வச்சிருப்பாக. விருந்தாளியா எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?"

"இதை நேரா சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"நேரா சொன்னா நீ போகாம நின்னுருவே. ஒன்னையத் தெரியாதா எனக்கு? அப்பறம் ஒம்பொழப்பக் கெடுத்த பாவத்தை நான்ல சொமக்கணும்."

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போக வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், இத்தனை நாளும் இந்த அம்மாள் ஆட்டையும் கரண்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். பெயர் வைத்ததில் தப்பில்லை, அது பரீட்சைக்கு வேண்டும். ஆனால் அதற்கு மேலும் அதில் இருந்ததை அவர் வாயால் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வேகாத வெயில்ல பஸ்ஸுல சுத்த வேண்டாம். வீட்டுலயே ஒக்காந்து படி. டீச்சரம்மா, நீங்களும் வாங்க. வெறும் வயித்தோட போகக் கூடாது."

வீட்டு அமைதி

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அழகம்மாள் எங்களுக்கு நடுவீட்டை ஒதுக்கி, மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். யாழினி ஏதாவது கேட்டால் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பாத்திரம் கழுவும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆட்டைக் கொல்லையில் தூரமாகக் கட்டியிருந்தார்.

வளர்மதி ஒரே பக்கத்தை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வரியும் ஏறவில்லை. கடைசியில் அடுப்படியைப் பார்த்து, "அத்தை, ஏதாவது பேசுங்களேன், பயமா இருக்கு" என்று கத்தினாள்.

"பேசுனாலும் குத்தம், பேசாட்டியும் குத்தமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வளர்மதி நிம்மதியாகப் புத்தகத்தைப் பார்த்தாள்.

ஆனாலும் அந்த வீட்டு அமைதி எங்களுக்கு ஒத்துவரவில்லை. மறுவாரம் மாமியாரே எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்து எங்களைப் பஸ்ஸுக்கு அனுப்பினார். கண்டக்டர் தம்பிக்கும் ஒரு பொட்டலம் இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு இடம்

தேர்வு எழுதினோம். முடிவு வந்தது. வளர்மதி தேறினாள், நான் தேறவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்பட்டேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டும் உண்மைதான். அடுத்த தடவையும் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதே தனியார் பள்ளியில்தான் இருக்கிறேன். ஆனால் எந்த அணிக்கும் என் பிள்ளைகள் சொந்தமாக எடுத்துக்காட்டு சொல்லலாம். நீ என்ன புலவரா என்று என் வகுப்பில் யாரும் கேட்க முடியாது.

இடம் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்கு வளர்மதிக்குத் துணையாக நான் போனேன். அவள் முறை வருவதற்குள் பக்கத்து மாவட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சமிருந்தது கிருஷ்ணகிரிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டி ஒரு கிராமம். அழகம்மாள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

வளர்மதி வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தை, ரொம்பத் தூரம். அந்த ஒரு எடந்தான் இருக்கு. எடுக்கவா, விட்டுறவா?"

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் இவள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"அங்க ஆடு வளக்க எடம் இருக்குமா?" என்று கேட்டார் அழகம்மாள்.

வளர்மதி உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் குடிபோன மறுமாதம் அந்த ஊரிலிருந்து போன் வந்தது. பேசியவர் அழகம்மாள். வளர்மதியும் யாழினியும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். வீடு சௌகரியம், தண்ணீர் நன்றாக வருகிறது, குளிர்தான் தாங்கவில்லை என்று சொன்னார். அக்கம் பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் உண்டா என்று கேட்டேன்.

"ஆளு இருக்கு ஆத்தா. இங்கிட்டு ஒருத்தி தெலுங்கு, அங்கிட்டு ஒருத்தி கன்னடம். நல்ல சனங்கதான். நான் ஜாடையா ஒண்ணு சொன்னா, பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டுக் காப்பி குடுக்குறாளுக. ஒருத்திக்கும் நான் பேசுறது வெளங்கலை."

"அப்ப பொழுது எப்படிம்மா போகுது?"

"சாயங்காலம் அவ வந்துருவால்ல" என்றார். "அவளுக்கு வெளங்கும்."